டாரா ஏரி ஒரு சாலையா?

அன்று சபையில் இருந்தவர்கள்: நாற்காலியில் துணைச் சபாநாயகர், விழித்திருந்தார். அரசு வரிசையில் சிறு துறைமுகங்களுக்கான இணை அமைச்சர் மாலக்கி க்வர்க், கையில் நீலக் கோப்பு. எதிர்க்கட்சி வரிசையில் முதிய உறுப்பினர் ஃபெஸ்டஸ் லாவெல், வாயில் புதினா மிட்டாய். கடைசி வரிசையில் சுயேச்சை உறுப்பினர் அட்ராக்டா டோலன், காலைக் கடிக்கும் புதுச் செருப்பு, கையில் ஒரே வரி எழுதிய தாள். கதவருகே வாயிற்காவலர் ஜார்லத். நடுவில் பேச்சைக் குறிப்பெடுக்கும் இரண்டு பெண்கள். மேலே பார்வையாளர் மாடத்தில் சுற்றுலா வந்த ஒரு ஓய்வூதியர் சங்கம். அட்ராக்டா எழுந்தவுடன் அவர்களைச் சூப் சாப்பிடக் கூட்டிப் போய்விட்டார்கள்.

இல்லாதவர்: பதில் சொல்ல வேண்டிய அமைச்சர்.

அட்ராக்டா தாளைப் பார்த்துப் படித்தாள்.

"டாரா ஏரி ஒரு சாலையா? ஆமாவா, இல்லையா?"

அவ்வளவுதான் கேள்வி. அயர்லாந்தின் நாடாளுமன்றத்தில் அவ்வளவு சின்னக் கேள்வியை யாரும் கேட்டு வழக்கமில்லை. மீதிக் கேள்வி எங்கே என்பது போலத் துணைச் சபாநாயகர் அவளைப் பார்த்தார்.

கேள்வி வந்த கதை இது. ஏரிக்கரை ஊரான க்ளென்டாராவின் பிள்ளைகள் எப்போதும் கில்மோர் பள்ளிக்குப் போகிறவர்கள். ஏரியின் இந்தக் கரையை ஒட்டியே சாலை, அதில் ஒரு பள்ளிப் பேருந்து. அதை ஓட்டியவள் அட்ராக்டா. ஒரு கோடையில், ஊரகப் பள்ளிப் போக்குவரத்துத் துறை கணினி வரைபடம் ஒன்றை வாங்கியது. மிக அருகில் இருக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத்தான் பேருந்து என்பது துறையின் விதி. வரைபடம் அளந்து பார்த்தது. க்ளென்டாராவுக்கு மிக அருகில் இருப்பது பாலிரோ பள்ளி என்றது. பாலிரோ ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. இங்கிருந்து கத்தினால் அங்கே கேட்கும், நடந்தால் நனையும். பாலம் கிடையாது. ஏரியைச் சுற்றிச் சாலையில் போனால் போய்ச் சேர்வதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிடும். ஆனால் வரைபடத்தில் தண்ணீர் நீலம், விரைவுச்சாலையும் நீலம். நீலத்தில் என்ன பேதம் என்று கணினி நினைத்துவிட்டது. கணினி நினைத்ததைத் துறையும் நினைத்தது. கில்மோர்ப் பேருந்து நின்றது.

இப்போது பிள்ளைகள் நடக்கிறார்கள். சாலையில் நடைபாதை கிடையாது. காட்டில் வெட்டிய மரத்தை ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும். நவம்பரில் அந்நேரம் விடிந்திருக்காது. ஊர்க்காரி சோர்கா ருவேனின் மகனை ஒரு லாரியின் காற்றே பள்ளத்தில் தள்ளியது. பையன் எழுந்து வந்துவிட்டான். அவனுடைய ஒரு பூட்ஸ் மட்டும் இன்னும் அந்தச் சேற்றில் கிடக்கிறது. அடுத்த முறை பூட்ஸோடு போகுமா என்று சோர்கா கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து இடைத்தேர்தல் வந்தது. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அட்ராக்டாவைப் பிடித்துச் சோர்கா நிறுத்தினாள். மற்ற வேட்பாளர்கள் வளர்ச்சி, மாற்றம், நம்பிக்கை என்று பலகை வைத்தார்கள். அட்ராக்டாவின் பலகையில் "ஏரி சாலை இல்லை" என்று மட்டும் இருந்தது. மறுக்க முடியாத ஒரே வாக்குறுதி அதுதான். எப்படியும் தோற்கப் போகிறாள், பாவம், ஒரு ஓட்டாவது போடுவோம் என்று எல்லோரும் போட்டுவிட்டார்கள்.

இப்போது மாலக்கி க்வர்க் எழுந்து கோப்பைத் திறந்தார்.

"இந்த முக்கியமான பிரச்சினையை எழுப்பியதற்காக உறுப்பினருக்கு நன்றி தெரிவிக்கிறேன். அமைச்சர் ஹெனெபரி தவிர்க்க முடியாத அரசுப் பணியின் காரணமாக வெளிநாட்டில் இருப்பதால், அவர் சார்பில் பதிலளிக்கிறேன். ஏரிகளின் முக்கியத்துவத்தை இந்த அரசு முழுமையாக உணர்ந்துள்ளது. சாலைகளின் முக்கியத்துவத்தையும் முழுமையாக உணர்ந்துள்ளது. இவ்விரண்டையும் ஒரே காலத்தில் உணர்ந்த முதல் அரசு இதுவே என்பதைப் பெருமையுடன் கூறிக்கொள்கிறேன். பிள்ளைகளே நம் எதிர்காலம். எனவே அவர்கள் விஷயத்தில் நிகழ்காலத்தில் அவசரப்படுவது பொறுப்பற்ற செயலாகும்."

உட்கார்ந்தார்.

"ஆமாவா, இல்லையா?" என்றாள் அட்ராக்டா.

க்வர்க் பக்கத்தைத் திருப்பினார். துணைக் கேள்விக்கான பதில் அங்கே தயாராக இருந்தது. "உறுப்பினரின் அக்கறையை நானும் பகிர்ந்துகொள்கிறேன். ஏரிகளின் முக்கியத்துவத்தை இந்த அரசு முழுமையாக உணர்ந்துள்ளது. சாலைகளின்..."

"ஐயா, இதத்தான இப்ப படிச்சீங்க!"

"முந்தைய பதிலின் உறுதிப்பாட்டை மீண்டும் வலியுறுத்துகிறேன்" என்று படித்தார் க்வர்க். அந்த வரியும் அங்கே எழுதியிருந்தது.

அட்ராக்டாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ஆட்டுக்கு இருக்குற மூளை கூடவா இந்தத் துறையில ஒருத்தருக்கும் இல்ல? ஆட்டக் கொண்டுபோய்க் கரையில நிறுத்துங்க. அது தண்ணியில கால வைக்காது!"

துணைச் சபாநாயகர் மணியைத் தட்டினார். சபையில் சொல்லக்கூடாத சொற்களின் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். ஜார்லத் கொண்டுவந்தார். கழுதை உண்டு, பன்றி உண்டு, எலி உண்டு. ஆடு இல்லை. ஆளுங்கட்சியில் ஆடு வளர்ப்பவர்கள் நிறையப் பேர். அதை வசவாக ஏற்க மனம் வரவில்லை போலும். உறுப்பினர் சொன்னது ஒழுங்குக்கு உட்பட்டதுதான், ஆனால் நேரம் முடிந்துவிட்டது என்று தீர்ப்பு வந்தது.

வெளியே தாழ்வாரத்தில் க்வர்க் ஓடிவந்து அவளைப் பிடித்தார். சின்ன வயது, சிவந்த முகம், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது.

"அக்கா, நல்லா பேசினீங்க. எனக்கே ரெண்டு எடத்துல தொண்ட அடச்சிருச்சு."

"அப்போ நீயே சொல்லு தம்பி. அது சாலையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் சிறு துறைமுகங்கள்."

"ஏரிய நேர்ல பாத்திருக்கியா?"

"படிச்சிருக்கேன்க்கா. இப்பதான், உங்க எதிரிலயே."

அட்ராக்டா அடுத்த வாரம் அதே கேள்வியைப் போட்டாள். ஏரி தண்ணீர் சம்பந்தப்பட்டது என்று அதை உள்நாட்டு நீர்நிலைகள் துறைக்கு அனுப்பிவிட்டார்கள். சாலையாக இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் எதற்கும் எங்கள் அமைச்சர் பொறுப்பல்ல என்று அந்தத் துறை திருப்பி அனுப்பியது. கேள்வி சாலைத் துறைக்குப் போனது. ஈரமாக இருப்பதால் இது பராமரிப்புப் பிரச்சினை என்று அவர்கள் மாவட்ட மன்றத்துக்குத் தள்ளினார்கள். எங்கே போனாலும் கடைசியில் சபையில் எழுந்து பதில் படித்தவர் மாலக்கி க்வர்க். ஒரு நாள் நீர்நிலை அமைச்சர் சார்பில் படித்தார். மறுவாரம், சாலை அமைச்சரின் சார்பில் வரவேண்டிய கலாச்சார அமைச்சர் வர இயலாததால், அவருடைய சார்பில் சாலை அமைச்சரின் சார்பாகப் படித்தார். அதைப் படித்து முடித்தபோது யார் என்ன சொன்னார்கள் என்பது குறிப்பெடுத்த பெண்களுக்கே குழம்பிவிட்டது. ஒருத்தி பேனாவைக் கீழே வைத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

பிறகு நிபுணர் குழு அமைத்தார்கள். குழு ஏரிக்குப் போகவில்லை; ஏரியின் நடுநிலையான மதிப்பீட்டுக்கு அதன் அருகில் இருப்பது இடையூறு என்று டப்ளினிலேயே கூடியது. இடைக்கால அறிக்கையில், டாரா ஏரியில் தண்ணீர் இருப்பதற்கான வாய்ப்பு வலுவாக உள்ளது என்றும், மழைக்காலத்தில் மேலும் வலுவாகலாம் என்றும் எழுதினார்கள். க்ளென்டாராவில் மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது.

மக்கள் கருத்தைக் கேட்க ஓர் அதிகாரி ஊருக்கே வந்தார். சமூகக் கூடத்தில் தேநீரும் பழரொட்டியும் வைத்தார்கள். அதிகாரி மேடையேறி, "நாங்கள் பேச வரவில்லை, கேட்கவே வந்திருக்கிறோம்" என்றார். கேட்பதன் அவசியம் பற்றித் தேநீர் ஆறும் வரை பேசினார். கேட்பதில் துறை இதுவரை செய்த சாதனைகள் பற்றிப் பழரொட்டி தீரும் வரை பேசினார். பிறகு கூடத்தை நடன வகுப்புக்கு விடவேண்டிய நேரம் வந்துவிட்டது. நடன வகுப்புக்கு வந்தவர்கள் அதிகாரி கையிலிருந்த கருத்துப் படிவங்களை வாங்கி, நடனம் மிகவும் பிடித்திருப்பதாக நிரப்பிக் கொடுத்தார்கள். ஏரிப் பயணத்துக்குப் பெருவாரியான ஆதரவு என்று டப்ளினில் அதை எண்ணிக்கொண்டார்கள்.

இதற்குள் மாவட்ட மன்றம் தன் கடமையைச் செய்துவிட்டது. ஒரு காலையில் அட்ராக்டாவின் கைப்பேசியில் சோர்கா கூப்பிட்டாள்.

"ஏய் அட்ராக்டா, உக்காந்திருக்கியா நின்னுட்டிருக்கியா?"

"நின்னுட்டிருக்கேன். என்னடி?"

"உக்காரு. ஏரிக்கரையில கம்பம் நட்டிருக்கான். வேக வரம்பு எம்பதாம்."

"எங்க, ரோட்டுலயா?"

"தண்ணிக்குள்ளடி! முழங்கால் ஆழத்துல நின்னு நட்டுட்டுப் போறானுங்க. ரெண்டு பேரு, இடுப்பு வரைக்கும் ரப்பர் பூட்ஸு. ஏன்டா தம்பி இங்க நடறீங்கன்னு கேட்டேன். தாள்ல இங்கதான் போட்டிருக்குங்கிறான். தண்ணி தெரியலயான்னு கேட்டேன். தெரியுது, அதான் பூட்ஸு போட்டிருக்கோம்ங்கிறான்."

அட்ராக்டா சிரித்துவிட்டாள். சோர்காவும் சிரித்தாள். பிறகு சோர்கா நிறுத்திக்கொண்டாள்.

"சிரிப்பு சரி. காலையில மறுபடியும் ஒரு லாரி உரசிட்டுப் போச்சு. இந்தத் தடவ ஹோரனோட பொண்ணு. ஸ்கூல் பைய மட்டும்தான் இழுத்துட்டுப் போனான். அந்த ஆள எப்பப் பாப்ப நீ?"

"எந்த ஆள?"

"மந்திரிய! உன்ன அனுப்பினது மத்தவன் படிக்கிறதக் கேக்கறதுக்கா?"

அட்ராக்டா கைப்பேசியை வைத்தாள். உறுப்பினராகி இத்தனை வாரமாகியும் டெக்லன் ஹெனெபரி என்ற அமைச்சரை அவள் கண்ணால் கண்டதில்லை. சுவரொட்டியில் கண்டிருக்கிறாள். நல்ல பல்.

அன்று மதியம் உணவகத்தில் ஃபெஸ்டஸ் லாவெல் தட்டோடு வந்து அவளெதிரில் உட்கார்ந்தார். பன்றிக்கறி, முட்டைக்கோஸ், மேலே வெள்ளைச் சாறு. அவர் சபைக்கு வந்த காலத்தில் இப்போதைய அமைச்சர்கள் பள்ளியில் இருந்தார்கள். சிலரைப் பார்த்தால் இன்னும் அங்கேயே விட்டிருக்கலாம் என்று தோன்றுவதாக அவரே சொல்வார்.

"உம் மொகத்தப் பாத்தா சாவு வீட்டுக்குப் போறவ மாதிரி இருக்கு, கண்ணு. யாரு போயிட்டாங்க சொல்லு, நானும் வர்றேன்" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தொகுதியில் எந்தச் சாவையும் அவர் தவறவிட்டதில்லை.

"யாரும் சாகல. சாகறதுக்கு முன்னால மந்திரியப் பாக்கணும்."

"ஹெனெபரியவா? அவன் வரமாட்டான். கேள்விக்கு வேற ஆளு வரலாம், விவாதத்துக்கு வேற ஆளு வரலாம், திறப்பு விழாவுக்கு வேற ஆளு வந்து ரிப்பன் கத்தரிக்கலாம். அவனே ஒரு வேல செய்யணும்னா இந்தக் கட்டடத்துல ஒண்ணே ஒண்ணுதான். ஓட்டுப் போடறது. அதுக்கு மட்டும் சார்பு கிடையாது. மணியடிச்சா சொந்தக் கால்ல நடந்து உள்ள வரணும். மணி நின்னா ஜார்லத் கதவப் பூட்டிருவான். எண்ணி முடிக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறவன் உள்ளதான்."

அட்ராக்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ புதன்கிழம ஓட்டுக்கு வருவாரே?"

"வரமாட்டான்."

"ஏன்?"

"நான் வரமாட்டேனே" என்றார் ஃபெஸ்டஸ், உருளைக்கிழங்கை மசித்தபடி. "நாங்க ஜோடி."

அந்தச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு அமைச்சர் நாட்டு வேலையாக வெளியே போக வேண்டியிருந்தால், எதிர்க்கட்சியில் ஒருவர் தானும் வராமல் இருந்துவிடுவார். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குறையும், கணக்கு மாறாது. எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். ஹெனெபரிக்கும் ஃபெஸ்டஸுக்கும் அப்படி ஒரு உடன்பாடு பல வருடமாக நடக்கிறது. மேடையில் ஒருவரையொருவர் நாட்டைக் கெடுத்தவர் என்பார்கள். ஆனால் புதன்கிழமை விஷயத்தில் கட்டிக்கொண்ட புருஷன் பெண்டாட்டி கூட அவ்வளவு விசுவாசமாக இருந்ததில்லை.

"அவன் பிரஸ்ஸல்ஸ் போறான், நான் சாவுக்குப் போறேன்" என்றார் ஃபெஸ்டஸ். "பாவம், பய வாரா வாரம் ஏரோப்ளேன்ல கிடந்து அவதிப்படறான். ஒரு தடவகூட நான் வாக்குத் தவறினதில்ல. எங்க அண்ணி சாவ விட்டுட்டு வந்து, வராம இருந்திருக்கேன்."

அவர் சொன்னதன் கடைசி வாக்கியத்தை அட்ராக்டா மனதில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாலக்கி க்வர்க் தட்டோடு வந்து நின்றார்.

"அக்கா, இங்க உக்காரலாமா? நாளைக்கு உங்க கேள்வி மறுபடி வருது. இந்தத் தடவ பதில் கொஞ்சம் புதுசு. 'முழுமையாக' எடுத்துட்டு 'மிக முழுமையாக'ன்னு போட்டிருக்கோம். மந்திரியே கைப்பட மாத்தினாரு."

"பிரஸ்ஸல்ஸ்ல இருந்தா?" என்றார் ஃபெஸ்டஸ்.

"இல்லயே, மேல மூணாவது மாடியிலதான். இப்பதான் பாத்துட்டு வர்றேன். வறுத்த ரொட்டி சாப்பிட்டுட்டுக் குதிரப் பந்தயம் பாத்துட்டிருக்காரு. புதன்கிழமையும் அங்கதான் இருப்பாரு. கீழ எறங்கினா யாராவது ஏதாவது கேட்டுருவாங்கன்னு..." க்வர்க் அங்கே நிறுத்தினார். இருவர் முகத்தையும் பார்த்தார். "நான் ஏதாவது சொல்லக்கூடாதத சொல்லிட்டேனா?"

"இல்லப்பா" என்றார் ஃபெஸ்டஸ். "சாப்பிடு."

ஃபெஸ்டஸ் சாப்பிடவில்லை. பன்றிக்கறி ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய காது நுனி மெல்லச் சிவந்ததை அட்ராக்டா பார்த்தாள். பொய் சொல்லிப் பழகிய இடம்தான் அந்தச் சபை. பொய்யே சொல்லக்கூடாத ஒரே இடமான ஜோடி விஷயத்திலும் ஹெனெபரி பொய் சொல்லிவிட்டான் என்பதைத்தான் கிழவரால் தாங்க முடியவில்லை.

"குதிரப் பந்தயமா" என்றார் கடைசியில். "எங்க அண்ணி சாவு அன்னிக்கும் பந்தயம்தான் இருந்திருக்கும்."

"ஃபெஸ்டஸ், இந்தப் புதன்கிழம நீங்க வந்தா?"

"வந்தா, அவனும் வந்தாகணும். இல்லன்னா கவர்மெண்டு கவுந்துரும். நூலு மாதிரி பெரும்பான்ம." அவர் மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஆனா சொல்லாம வர்றது மொறயில்ல. ஜோடி முறியுதுன்னு கொறடாகிட்ட சொல்லிட்டுத்தான் வருவேன். எப்பச் சொல்லணும்னு மட்டும் யாரும் எழுதி வைக்கல."

க்வர்க் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "நான் எதையும் கேக்கல. நான் சிறு துறைமுகங்கள்" என்றார்.

புதன்கிழமை மாலை தேசிய வேலிச்செடிக் கொள்கை வாக்கெடுப்புக்கு வந்தது. அந்தக் கொள்கை பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அதில் பணம் ஒதுக்கும் பகுதி இருந்ததால், அது தோற்றால் அரசும் போகவேண்டியதுதான். அதனால் பத்திரிகையாளர் மாடம் நிறைந்திருந்தது. பார்வையாளர் மாடத்தில் சோர்கா ருவேன் மழைக்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

மணி அடிக்கத் தொடங்கியது. அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு தாழ்வாரத்திலும், ஒவ்வொரு கழிப்பறையிலும் அந்த மணி அடிக்கும். உறுப்பினர்கள் மெல்ல வந்து சேர்ந்தார்கள். ஆளுங்கட்சிக் கொறடா தலைகளை எண்ணிப் பார்த்துத் திருப்தியாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அப்போது ஃபெஸ்டஸ் லாவெல் உள்ளே வந்தார். சாவுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். நேராகக் கொறடாவிடம் போனார்.

"சாயங்கால வணக்கம். எங்க ஜோடி முறிஞ்சுபோச்சு. சொல்லாம வந்தேன்னு இருக்கக்கூடாது."

கொறடாவின் முகம் பழைய பாலாடைக்கட்டி நிறத்துக்கு மாறியது. "ஃபெஸ்டஸ், மந்திரி பிரஸ்ஸல்ஸ்ல இருக்காரே!"

"அப்போ ஏரோப்ளேன்ல ஏறச் சொல்லு. சீக்கிரம். மூணாம் மாடியில இருந்து வர்ற ஏரோப்ளேன்."

கொறடா கைப்பேசியை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே ஓடினார். அவர் கத்தியது உள்ளே எல்லோருக்கும் கேட்டது. கத்தியவற்றில் ஒன்று சொல்லக்கூடாத பட்டியலில் மூன்றாவது சொல். துணைச் சபாநாயகர் அது வெளியே சொல்லப்பட்டது என்று விட்டுவிட்டார்.

அட்ராக்டா எழுந்து போய்க் கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டாள்.

"மேடம், இங்க நிக்கக்கூடாது" என்றார் ஜார்லத் மெதுவாக, கையில் சாவியோடு.

"எங்க நிக்கலாம்?"

ஜார்லத் தரையைப் பார்த்தார். ஒரு எட்டு தள்ளிக் கை காட்டினார். "அங்க நின்னா விதியில ஒண்ணும் சொல்லல." அவள் ஒரு எட்டு தள்ளி நின்றாள். யார் உள்ளே வந்தாலும் அவளை இடிக்காமல் வர முடியாது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினாள். கிழக்குக் கடற்கரை உறுப்பினர் ஒருவர், கையில் மடித்த தாள். "அவரு வர்றாராமே? எனக்கும் ஒரு கேள்வி நிக்குது. போன வசந்தத்துல இருந்து." அவருக்குப் பின்னால் ஓர் அம்மாள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர். வரிசை படியேறி, பெஞ்சுகளுக்கு நடுவே வளைந்து போனது. எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்ற பாகுபாடு அதில் இல்லை. கடைசியில் நின்றவர் மாலக்கி க்வர்க்.

"நீயுமா தம்பி?" என்றாள் அட்ராக்டா தூரத்திலிருந்து.

"எனக்கும் ஒண்ணு இருக்குக்கா" என்றார் க்வர்க், கூச்சத்தோடு. "நான் என்ன படிச்சேன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்."

தாழ்வாரத்தில் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. டெக்லன் ஹெனெபரி வந்தார். டை தோளில் கிடந்தது, மீசையில் வெண்ணெய். பல் மட்டும் சுவரொட்டியில் இருந்தது போலவே இருந்தது. வலது காலை நிலைப்படிக்கு உள்ளே வைத்தார். அட்ராக்டாவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வளைந்து போன வரிசையைப் பார்த்தார். இடது கால் வெளியிலேயே நின்றது.

"உறுப்பினரம்மா, இதெல்லாம் எழுத்து மூலமா..."

"டாரா ஏரி சாலையா? ஆமாவா, இல்லையா?"

"பாருங்க, இதுல பல பரிமாணங்கள் இருக்கு. ஒரு நிபுணர் குழு..."

"உள்ள வாய்யா!" என்று வெளியிலிருந்து கொறடா முதுகைத் தள்ளினார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் அதன் கடைசி இழுப்பு எல்லோருக்கும் தெரியும், கொஞ்சம் கரகரக்கும். கரகரக்கத் தொடங்கிவிட்டது.

"மொதல்ல பதில்" என்றாள் அட்ராக்டா. நகரவில்லை. பேருந்தின் முன்னால் மாடு வந்து படுத்துக்கொண்டால் அவள் எப்படி எஞ்சினை அணைத்துவிட்டுப் பொறுமையாக உட்காருவாளோ, அப்படியே நின்றாள். "எம் பிள்ளைங்க காலையில இருட்டுல லாரிக்கு நடுவுல நடக்குதுங்க. ஒரே சொல்லு. அப்புறம் நீங்க உள்ள வந்து வேலிச்செடிய வளத்துக்கலாம்."

ஹெனெபரி மேலே பார்த்தார். பத்திரிகையாளர்கள் கைப்பிடிச் சுவரின் மேல் கவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய உதடுகள் பழக்கத்தால் "முழுமையாக" என்ற சொல்லுக்குக் குவிந்தன. குவிந்தபடியே நின்றன. எழுதிக் கொடுக்க அருகில் யாரும் இல்லை.

"...இல்ல" என்றார்.

"சத்தமா."

"ஏரி சாலை இல்ல!"

மாடத்தில் சோர்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்போ கில்மோருக்குப் பஸ்ஸு?"

"வரும்."

"எப்போ?"

"திங்கக்கிழம! திங்கக்கிழம காலையில வரும், போதுமா? விடுங்கம்மா என்ன!"

அட்ராக்டா ஒதுங்கினாள். சோர்கா மேலிருந்து, பார்வையாளர்கள் சத்தமிடக்கூடாது என்ற விதியை உடைத்து, "எல்லாப் பத்திரிகையும் எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளை வெளியேற்றும்படி துணைச் சபாநாயகர் சொன்னார். வெளியேற்ற வேண்டிய ஜார்லத்துக்கு அந்த நேரம் வேறு வேலை இருந்தது.

ஹெனெபரி இடது காலையும் உள்ளே வைத்தார். அவர் பின்னாலேயே கொறடாவும் உள்ளே நுழைந்துவிட்டார். ஹெனெபரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பல் மெல்ல வெளியே வந்தது. தன் இருக்கையை நோக்கி நடக்க எத்தனித்தபோது, கிழக்குக் கடற்கரை உறுப்பினர் ஒரு எட்டு முன்னால் வந்து தாளைப் பிரித்தார்.

"அமைச்சர் அவர்களே, கார்ரிக் தீவுப் பள்ளிக்கூடத்துக் கூரை."

அவருக்குப் பின்னால் நின்ற அம்மாளும் பிரித்தாள். அதற்குப் பின்னால் வரிசை முழுக்கத் தாள் பிரியும் சத்தம்.

ஹெனெபரி சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினார். மணி நின்றுவிட்டது. ஜார்லத் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார், கதவைச் சாத்தினார், சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.